ஏழில் ஐந்து

1

பெர்னிஸ் எங்கள் எதிர்வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் இந்த அமெரிக்க ஊருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், உறைபனியில் வழுக்காமல் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று என் மனைவியின் கையைப் பிடித்துத் தெருவில் நடத்திக் காட்டினார். இப்போது அவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தான் ஓட்டிய அதே தடத்துப் பேருந்தில் ஏறித்தான் மருத்துவமனைக்குப் போய் வருகிறார்.

போன வருடம் பங்குனி வாக்கில் ஒரு செய்தித்தாளை மடக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளை மாற்றி அமைக்கப் போகிறார்கள் என்று செய்தி. கூடவே புதிய வரைபடம். எங்கள் தெருவின் நடுவிலேயே கோடு போயிருந்தது. இந்தப் பக்கத்து வீடுகள் ஒரு தொகுதி, அந்தப் பக்கத்து வீடுகள் இன்னொன்று. கோடு அதோடு நிற்காமல் ரயில் பாதையைத் தாண்டி, கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்குள் புகுந்து, அதை மூன்றாகக் கீறிவிட்டு, வெளியே பண்ணை வீடுகள் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

"இது என்ன கோணல், ஷேகர்? பல்லி செத்துக் கிடப்பதுபோல இருக்கிறதே" என்றார் பெர்னிஸ்.

நான் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாகக் கீறிய துண்டுகளை எந்தெந்தக் கூட்டத்தோடு சேர்த்திருக்கிறார்கள், மிச்சத்தை எங்கே திணித்திருக்கிறார்கள் என்று விரலை வைத்துச் சொன்னேன். பேருந்துக்காகச் சட்டமன்றத்தில் சண்டை போடுகிற எங்கள் உறுப்பினர் அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவார், அதன் பிறகு இந்தப் பேருந்தையும் நிறுத்திவிடுவார்கள் என்றேன்.

"இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"நான் கணக்கு வாத்தியார் இல்லையா" என்றேன். உள்ளூர்க் கல்லூரியில் கணக்குதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் அது பொய். கண்டுபிடித்ததற்குக் காரணம் வேறு. இதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

2

எங்கள் ஊர் வடக்கனந்தலுக்குக் கொஞ்சம் மேற்கே. மாடியில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். மலையில் மழை பெய்தால் கோமுகி ஆற்றில் தண்ணீர் வரும், கரும்பும் நெல்லும் உண்டு. எங்களுடையது நிலம் உள்ள வீடு. பெரியப்பாதான் குடும்பத்துக்கும் ஊருக்கும் பெரியவர். அப்பா அவர் சொன்னதற்குத் தலையாட்டுவார், நான் அப்பாவைப் பார்த்து ஆட்டுவேன்.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள். மறியல் என்றால் புளியமரங்கள் சாலையில் கிடக்கும், பஸ் ஓடாது. விழுப்புரத்தில் பி.எஸ்சி. கணக்கு படித்துக்கொண்டிருந்த நான் பாதி நாள் ஊரில்தான் கிடந்தேன். பெரியப்பா கூட்டம் கூட்டமாகப் போவார். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து வெந்நீர் குடித்துக்கொண்டே எங்களுக்கும் ஒருமுறை பேசிக் காட்டுவார்.

"நாம எத்தினி பேரு இருக்கிறோம்? ஆபீசுல எத்தினி பேரு இருக்கிறோம்? தலைய எண்ணட்டும்டா. எத்தினி தலையோ அத்தினி எடம் குடுக்கட்டும். ஜாஸ்தியும் வாணாம், கம்மியும் வாணாம்."

அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லை என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அன்று அதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலையை எண்ணி இடம் கொடுப்பது எவ்வளவு சுத்தமான கணக்கு என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்துத் தேர்தல் பேச்சும் வந்தது. ஊரை ஏழு வார்டாகப் பிரித்து மேலே அனுப்ப வேண்டும். பஞ்சாயத்து கிளார்க் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அப்படித்தான் வழக்கம். ஊர்க் காரியம் எதுவும் பெரியப்பா வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து எழுந்தால்தான் ஆபீஸுக்குப் போகும். கூட்டத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த பெரியப்பா, கட்டிய தொண்டையோடு என்னைக் கூப்பிட்டார்.

"டேய் சேகரு, நீ கணக்குதானே படிக்கிற. இத்த கொஞ்சம் பாரு. கிளார்க்கு மண்டைய பிச்சிக்கினு உக்காந்துகிறாரு."

"எப்டிப் பிரிக்கணும் பெரியப்பா?"

"எப்டியோ பிரி. நாலு வார்டு நம்ம கையில நிக்கணும். அஞ்சு நின்னா இன்னும் நல்லது."

ஐந்து நிமிடம் முன்பு தலையை எண்ணச் சொன்ன அதே வாய். எனக்கு அது உறைக்கவே இல்லை. அவருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு மேலே இருப்பவர்கள் எங்கள் தலையை எண்ண வேண்டும், எங்களுக்குக் கீழே இருப்பவர்களின் தலையை நாங்கள் எண்ணக் கூடாது என்பது எங்கள் வீட்டில் காற்றைப் போல இருந்தது. யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை.

3

கணக்கு இதுதான். உருண்டையாகச் சொல்கிறேன், அப்போதுதான் எளிதாகப் புரியும். ஊரில் எழுநூறு ஓட்டு. வார்டுக்கு நூறு. மேட்டுத் தெருக்களில் இருந்த எங்கள் ஆட்கள் முன்னூறு. காலனியில் இருந்த கூலிக்காரர்களும், மலையிலிருந்து இறங்கி அடிவாரத்தில் குடிசை போட்டிருந்தவர்களும் சேர்ந்து நானூறு. தலையை எண்ணினால் ஏழில் நான்கு அவர்களுக்கு. எங்களுக்கு மூன்று.

நான் கிளார்க்கின் பட்டியலின் பின்பக்கத்தில் பென்சிலால் தெருக்களை வரைந்தேன். முதலில் அடிவாரக் குடிசைகளையும் அவற்றை ஒட்டிய காலனி வீடுகளையும் சேர்த்து இரண்டு வார்டு ஆக்கினேன். அந்த இருநூறும் அவர்கள் ஓட்டு. அந்த இரண்டில் அவர்கள் எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் வேண்டுமானாலும் ஜெயித்துக்கொள்ளட்டும். மிச்சம் இருந்த இருநூறு பேரை ஐந்தாகப் பிய்த்தேன். காலனியின் ஒவ்வொரு வரிசையையும் ஒரு மேட்டுத் தெருவின் வாலில் ஒட்டினேன். வார்டுக்கு அவர்கள் நாற்பது, நாங்கள் அறுபது. ஐந்து வார்டு எங்களுக்கு. நானூறு பேருக்கு இரண்டு உறுப்பினர், முன்னூறு பேருக்கு ஐந்து உறுப்பினர். ஒரு பொய் ஓட்டு இல்லை, ஒரு பெட்டியைத் தூக்கவில்லை. எல்லாரும் வரிசையில் நின்று ஒழுங்காக ஓட்டுப் போட்டாலும் இதுதான் வரும்.

அந்தச் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. சிக்கலான ஒரு புதிர் கையில் அவிழ்வதுபோல இருந்தது. பெரியப்பா காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "படிப்புன்னா இதாண்டா படிப்பு" என்றார். பெரியம்மா எனக்கு மட்டும் முட்டை வறுத்துப் போட்டாள்.

வரைவு அப்படியே மேலே போய், அப்படியே திரும்பி வந்தது. தேர்தலும் நடந்தது. ஐந்து, இரண்டு. அந்த இரண்டில் ஒருவன் ஏழுமலை. காலனிக்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பள்ளிக்கூடத்தில் என்னை வாடா போடா என்றவன், நான் கல்லூரிக்குப் போனதும் ஒருவரும் சொல்லாமலே 'வாங்க போங்க'வுக்கு மாறிக்கொண்டான்.

அவன் தேர்தலில் நின்றது ஒரே ஒரு காரியத்துக்காக. காலனியின் சுடுகாடு ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே போக வழி இல்லை. குறுக்கே எங்கள் நெல் வயல். ஒற்றை வரப்பில்தான் போக வேண்டும். வயலின் ஓரத்தில் ஒரு வண்டி அகலத்துக்கு நிலம் எடுத்துப் பாதை போட்டுத் தரும்படி தாசில்தாருக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுந்து கேட்டான். கை தூக்கினார்கள். ஐந்து, இரண்டு. தீர்மானம் விழுந்துவிட்டது.

4

வரைபடத்தின் மேல் மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று இங்கே ஒரு கூட்டம் வைத்தார்கள். பெர்னிஸ் என்னை இழுத்துக்கொண்டு போனார். இணையத்தில் பெயர் பதிய வேண்டும். பதிந்தேன். பதிந்ததற்கு ஒரு எண் வந்தது. அந்த எண்ணைக் காட்டியதும் வாசலில் இன்னொரு எண் கொடுத்தார்கள். முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். மின்கட்டண ரசீதைக் காட்டினேன். அதில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் இருந்தது. அடையாள அட்டையில் பின்னால் இருந்தது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று வாசலில் இருந்த பெண்ணை நம்பவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் என் அப்பாவையும் என்னையும் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

ஆளுக்கு இரண்டு நிமிடம். மேஜையில் ஒரு சிறு விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் அவ்வளவுதான். எனக்கு முன் பேசிய பதினொரு பேரில் ஒருவர்கூட வரைபடம் சரி என்று சொல்லவில்லை. வரைபடக் குழுவின் உறுப்பினர்கள் தண்ணீர் குடித்தார்கள், கைப்பேசியைப் பார்த்தார்கள்.

நான் எழுதி வைத்திருந்தது நான்கே வாக்கியம். ஒரு காலத்தில் நானே இப்படி ஒரு கோடு போட்டேன், அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும், நீங்களும் தெரிந்துதான் செய்கிறீர்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். மைக் முன்னால் நின்றதும் முதல் வாக்கியம் வாயில் வரவில்லை. சுற்றி வளைத்து எங்கள் ஊர், வார்டு, காலனி என்று ஆரம்பித்தேன். காலனி என்றால் எங்கள் பக்கம் என்ன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு உறுப்பினர், இந்த நாடும் ஒரு காலத்தில் காலனியாகத்தான் இருந்தது என்று புன்னகைத்தார். நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். மஞ்சள் எரிந்தது. பிறகு சிவப்பு.

"வந்ததற்கு நன்றி, சார்" என்றார் தலைவர்.

திரும்பி வரும்போது காரில் பெர்னிஸ், "நன்றாகத்தான் பேசினாய்" என்றார். அந்தப் பரிவை என்னால் தாங்க முடியவில்லை. வரைபடம் ஒரு புள்ளி மாறாமல் நிறைவேறியது.

5

ஏழுமலையின் அம்மா அஞ்சலை எங்கள் வயலில் நாற்று நடுகிறவள். தீர்மானம் விழுந்த அதே வருடம் ஐப்பசி அடைமழையில் இறந்தாள். மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மத்தியானம், பாடை எங்கள் வயல் முனையில் வந்து நின்றது. நான் மோட்டார் கொட்டகையில் இருந்தேன். பெரியப்பாவும் இருந்தார்.

நான்கு பேர் தூக்கும் பாடை ஒற்றை வரப்பில் போகாது. இரண்டு பக்கமும் வயலில் கால் வைத்தாக வேண்டும். வயலில் நட்டுப் பத்து நாள் ஆன பயிர். அதில் பாதி அஞ்சலை நட்டதுதான்.

"பயிரில கால வைக்காம போங்கப்பா" என்றார் பெரியப்பா. அதட்டவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் இன்றுவரை காதில் இருக்கிறது.

அவர்கள் பாடையைக் கீழே இறக்கினார்கள். கட்டுகளை அவிழ்த்து, ஒரு வேட்டியில் உடம்பைத் தூளி மாதிரி கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டார்கள். முன்னால் ஏழுமலை, பின்னால் அவன் மாமன். இரண்டே பேர். வரப்பு சேறாகக் கிடந்தது. ஏழுமலை ஒவ்வொரு அடியையும் ஊன்றிப் பார்த்து வைத்தான். இரண்டு இடத்தில் சறுக்கி முழங்காலில் விழுந்தான். மூங்கிலை மட்டும் தோளிலிருந்து விடவில்லை. கொட்டு அடிப்பவர்கள் வரப்பில் வர முடியாமல் இந்தப் பக்கமே நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

எரித்துவிட்டுத் திரும்பியபோது ஏழுமலை கால் கழுவ வாய்க்காலுக்கு வந்தான். பெரியப்பா போயிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் பக்கத்தில் போனேன். அவனே பேசினான்.

"வார்டு கணக்கு நீங்கதான் போட்டீங்களாமே. கிளார்க்கு சொன்னாரு."

குனிந்து முழங்கால் சேற்றைத் தேய்த்தான்.

"நானும் ஒக்காந்து போட்டுப் பாத்தேங்க. தப்பே இல்லாம போட்டுக்கிறீங்க" என்றான். காலைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததுமே ஊரை விட்டு மேல்படிப்புக்குப் போனேன். அங்கிருந்து இங்கே. படிப்புக்காக வந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். பாதி அதுதான். மீதிப் பாதி அந்த வாய்க்கால்.

6

என் மகள் கயல் வேறொரு நகரத்தில் புள்ளிவிவர நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், "டேட்டா, அப்பா" என்பாள். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. ஜூலை விடுமுறைக்கு வந்தவளிடம் வரைபடத்தைக் காட்டி ஒரு பாட்டம் புலம்பினேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அது எங்க கம்பெனி போட்டது அப்பா" என்றாள். "என் டீம்."

சாம்பார்க் கரண்டியோடு நின்ற மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம தெருவைப் பார்த்தியா?"

"பார்த்தேன். கஷ்டமாதான் இருந்தது. ஆனா கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கில மேப் போடும், அதில பெஸ்ட் எதுவோ அதை எடுப்போம். யார் கேட்டாலும் போட்டுக் கொடுப்போம், இன்னொரு கட்சி கேட்டாலும். எல்லாம் லீகல் அப்பா." தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒரு பெரிய புதிர் மாதிரி இருக்கும்" என்றாள். அவள் கண்ணில் ஒரு பளபளப்பு. அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா, ஏழு வார்டு, ஏழுமலை, தூளி கட்டிய வேட்டி வரைக்கும். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னேன். அவள் அழுதாள். நிஜமாகவே அழுதாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குள் ஏதோ இறங்குவதுபோல இருந்தது. இந்த ஒருத்தியாவது இந்த வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்று யோசித்தாள். "முன்னூறு ஓட்டுக்கு ஆறு வார்டு வராது அப்பா. வார்டுக்கு அம்பத்தொண்ணு வச்சாலும் ஆறுக்கு முன்னூத்து ஆறு வேணும். அஞ்சுதான் மேக்ஸிமம். நீங்க கையாலேயே சரியாப் போட்டிருக்கீங்க" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள்.

7

தேர்தல் முடிந்தது. மாநிலம் முழுக்க எண்ணியதில் நாங்கள் போட்ட கட்சிக்கு ஓட்டு ஜாஸ்தி, இடம் கம்மி. எங்கள் உறுப்பினர் தோற்றார். தை பிறந்ததும் பேருந்தை நிறுத்தினார்கள். பெர்னிஸ் நிறுத்தத்தில் போய் அந்த அறிவிப்பை நின்று படித்துவிட்டு வந்தார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் நான் கொண்டுபோய் விடுகிறேன். மூன்றாவது நாள் எனக்கு வகுப்பு. அன்றைக்கு அவர் யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்கிறார். சில வாரம் யாரும் கிடைப்பதில்லை.

இங்கே ஒன்றும் முடியாது என்றான பிறகுதான் அங்கே ஒன்று முடியும் என்று தோன்றியது. அந்த வயல் இன்னும் எங்கள் குடும்பத்துப் பெயரில்தான் இருக்கிறது. இடையில் சட்டங்கள் மாறின, காலனிக்காரர் ஒருவரே தலைவராகவும் வந்து போனார். பாதை மட்டும் வரவில்லை. பட்டா நிலம், நாங்களாகக் கொடுத்தால்தான் உண்டு என்று விட்டுவிட்டார்கள். கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தூதரகத்துக்கு நான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போய், வரிசையில் நின்று, புகைப்படம் அளவு சரியில்லை என்று திரும்பி, மறுவாரம் மறுபடி போய், என் சார்பில் கையெழுத்திடப் பவர் பத்திரம் வாங்கி ஊர் வக்கீலுக்கு அனுப்பினேன்.

பதில் பதினைந்து நாளில் வந்தது. அது கூட்டுப் பட்டா. பாகம் பிரிக்கவில்லை. பாதி அப்பாவுடையது, அவருக்குப் பின் நானும் தங்கையும். பாதி பெரியப்பாவுடையது, அவருக்குப் பின் அவருடைய ஐந்து பிள்ளைகள். ஏழு கையெழுத்தும் வேண்டும். தங்கை போட்டுவிட்டாள். ஐந்து பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். மூத்தவன் போனில் சிரித்தான்.

"அமெரிக்காவுல உக்காந்துகினு புண்ணியம் தேடுறியா? நெலம் பாதி ஒன்னுதுன்னா இன்னா, ஏழு பேருல நீங்க ரெண்டு பேருதானே."

அந்தச் சிரிப்பு பெரியப்பாவின் சிரிப்பு. வழக்குப் போட்டுப் பாகம் பிரிக்கலாம் என்றார் வக்கீல். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். உங்களுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டார்.

எப்படியோ எண் வாங்கி ஏழுமலையைக் கூப்பிட்டேன். அந்த வாய்க்காலுக்குப் பிறகு முதல்முறை. அங்கே காலை நேரம். பின்னால் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் சத்தம் கேட்டது.

"நான் சேகர் பேசுறேன்."

"தெரியுதுங்க. சொல்லுங்க."

பாதையைப் பற்றிச் சொன்னேன். பவர் பத்திரம், தங்கை, அவர்கள் ஐந்து பேர், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அஞ்சுக்கு ரெண்டுங்களா?"

"ஆமா."

"அப்ப அது நிக்காதுங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் கூப்பிட்டேன். அதற்குள் அவன் பேசினான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க மெனக்கெடாதீங்க. எங்கம்மாவ அப்பவே எடுத்துக்கினு போய்ட்டோம். அடுத்தது நான்தான். பசங்க ரெண்டு பேரும் வரப்புல நடந்து பழகிட்டாங்க."